பூனைக்குட்டிப் பெட்டி

லிண்டால்வாவிடம் அடி வாங்காத ஆம்பளை ரியோ நகர ஓரத்து ஜார்டிம் அராசாவில் இருந்தால், ஒன்று அவன் நல்லவனாக இருக்க வேண்டும், இல்லை நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். சும்மா கை நீட்டுகிறவள் இல்லை அவள். முதல் அடி எப்போதும் எதிராளி கொடுத்ததாக இருக்கும். அதற்குப் பிறகுதான் அவள் ஆரம்பிப்பாள், ஆரம்பித்தால் சீக்கிரத்தில் நிறுத்தமாட்டாள்.

இதெல்லாம் அவளே வாசலில் உட்கார்ந்து கோழி இறகு பிடுங்கிக்கொண்டே தெருவுக்குச் சொன்னதுதான். வடக்கே பராய்பாவின் வறண்ட காட்டில் அப்பன் பெல்ட்டால் விளாசியபோது அவன் கட்டைவிரலைக் கடித்து எலும்பு வரை பார்த்துவிட்டு, பால்குடி மறக்காத தம்பி நால்டோவைத் தூக்கிக்கொண்டு ரியோவுக்குப் பேருந்து ஏறினாள். நகரத்தில் டிவி ரிப்பேர் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டாள். முதலாளி பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தான். சூடாக இருந்த ஈயம் பற்றவைக்கும் கம்பியை அவன் தொடையில் வைத்தாள். "கறி வறுத்த வாசனைடி!" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு அடங்காது. பிறகு வந்த புருஷன் அதெமார் குடித்துவிட்டு அறைகிற ஜாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கர் மூடியால் அவன் வாயில் ஒன்று போட்டாள். முன்பல் இல்லாமல் வீட்டை விட்டுப் போனவன் இன்றுவரை திரும்பவில்லை. நல்லதாகப் போயிற்று.

நால்டோவை வளர்த்தது அவள்தான். அவனுக்காக வாங்கிய அடியும் கொடுத்த அடியும் கொஞ்சமில்லை. அவன் மேல் ஒரு கீறல் விழுந்தால் இவளுக்கு ரத்தம் கொதிக்கும். வளர்ந்து ஆளான பிறகும் அவன் சாப்பிட்டானா என்று தெருவில் நின்று கத்திக் கேட்பாள், அவனும் கூச்சமில்லாமல் பதில் கத்துவான்.

எங்கள் பக்கத்தில் திருட்டு இணைப்புக்குப் பூனை என்று பெயர். கம்பத்தில் கொக்கி மாட்டினால் மின்சாரப் பூனை, குழாயை உடைத்து இழுத்தால் தண்ணீர்ப் பூனை. பூனை வளர்க்காத வீடே கிடையாது. ஆனால் கேபிள் சேனலைத் திருடிக் காட்டும் டிவிப் பூனை மட்டும் நம் இஷ்டத்துக்கு வளர்க்கக்கூடியது அல்ல. அது சித்தப்பாவின் தொழில், மாசாமாசம் அவனுக்குக் காசு கட்ட வேண்டும்.

எல்லாரும் அவனைச் சித்தப்பா என்போம், யாருக்கும் அவன் உறவில்லை. துப்பாக்கி வைத்த ஆட்களோடு வந்தான், திருடர்களிடமிருந்து தெருவைக் காப்பாற்றுவதாகச் சொன்னான், பிறகு காஸ் சிலிண்டர், வேன் சவாரி, டிவி இணைப்பு எல்லாம் அவனிடம்தான் வாங்க வேண்டும் என்றான். பேக்கரிக்காரரின் மச்சான் ஒஸ்மீர், கம்பியே இல்லாமல் சேனல் காட்டும் வெளிநாட்டுப் பெட்டிகளை ரகசியமாக விற்றுப் பார்த்தான். பட்டப்பகலில் பேக்கரி வாசலில் ரொட்டிப் பையோடு அவனைச் சுட்டுப்போட்டார்கள். வெகுநேரம் அங்கேயே கிடந்தான். ஒரு துணி எடுத்துப் போர்த்த எவனுக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும்தான். மறுநாள் வாசலைக் கழுவிவிட்டு ரொட்டி விற்றார்கள், நாங்களும் வாங்கித் தின்றோம்.

நால்டோவுக்கு வேலை கொடுத்ததும் அதே சித்தப்பாதான். கம்பம் ஏறிப் பூனைக் கம்பி இழுக்கிற வேலை. கூட்டாளி, எதிர்வீட்டு இராசேமா அம்மாவின் மகன் ஜோசியாஸ். ஒருத்தன் மேலே, ஒருத்தன் ஏணி அடியில். சித்தப்பா வீடுவீடாக, டிவியோடு மாட்டும் பழைய சேனல் பெட்டிகளை எடுத்துவிட்டுப் புதிசு மாட்டச் சொன்னபோது, பழையவை குப்பைக்குத்தான் போயின. நால்டோ அவற்றை மூட்டை கட்டி அக்காவிடம் கொண்டுவந்து போட்டான்.

"என்னடா இது, செத்த பூனையெல்லாம் என் வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றே?"

"நீதான் செத்ததை எழுப்புறவளாச்சே அக்கா, எழுப்பிப் பாரேன்."

எழுப்பினாள். வீட்டு முன்பக்கத்து வண்டிக் கொட்டகையில் பலகை போட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் வயிற்றில் ஒரு மெமரி கார்டு வைத்தாள், அதில் நாங்கள் சின்ன வயதில் மதுக்கடை ஓரத்தில் காசு போட்டு ஆடிய பழைய வீடியோ ஆட்டங்கள் அத்தனையும். பெட்டியின் பின்னால் ஒலிக்கம்பி சொருகும் ஓட்டைக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொத்தான் ஒளிந்திருக்கிறது. பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி பழைய புத்தியை விட்டுவிட்டு கார்டு சொல்கிறபடி கேட்கும். கை நழுவினால் பழையபடி சேனல் வரிசையைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தடவை பழகிவிட்டால் அப்புறம் குச்சி வேண்டியதில்லை. கடைசியில் அறுந்த ரப்பர் செருப்பை வெட்டி, மேலே இரண்டு முக்கோணக் காது ஒட்டிவிடுவாள்.

"செத்த பூனை போட்ட குட்டி" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். பூனைக்குட்டி என்ற பெயர் அப்படியே நிலைத்தது. வீட்டுக்கு வீடு பூனைக்குட்டி. பிள்ளைகளை விடுங்கள், வயிறு தொங்கும் ஆம்பளைகள் கொட்டகையில் வந்து குத்துச்சண்டை ஆட்டத்தில் அவளோடு மோதினார்கள். அங்கேயும் அவளிடம் அடிதான் வாங்கினார்கள்.

அப்போது பார்த்து ஊரில் வேலை போய், பலர் டிவி இணைப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் வெட்டுகிறார்கள் என்று சித்தப்பா ஜோசியாஸைக் கேட்டான். தெரியவில்லை என்று சித்தப்பாவிடம் சொல்ல முடியாது. தெரியவில்லை என்று சொன்ன ஒருத்தன் காது இல்லாமல் திரிகிறான். பயத்தில் ஜோசியாஸ் தன் போனைக் குடைந்தபோது, தையல்கார சுலேய்கா தெரு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்த குரல் செய்தி ஒன்று கிடைத்தது. அதை அப்படியே சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டான். அந்தப் பயல் கெட்டவன் இல்லை. அந்த நிமிஷத்துக்குத் தன் காதைக் காப்பாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம். வெயில் மண்டையைப் பிளந்தது. நால்டோ கொட்டகை வாசலில் குந்தி, தட்டில் சோறும் கறுப்பு பீன்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

முதலில் இறங்கியவன் பேச்சே எடுக்கவில்லை. தட்டோடு சேர்த்து நால்டோவின் முகத்தில் உதைத்தான். அவன் மல்லாந்து விழுந்ததும் இன்னொருத்தன் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் இடித்தான். பீன்சும் ரத்தமும் சிமெண்டில் கலந்து ஓடின. லிண்டால்வா பலகையைத் தாண்டிக் குதித்து, கையில் அகப்பட்ட சூடான பற்றவைக்கும் கம்பியை ஒருத்தன் கழுத்தில் குத்தினாள். அவன் அலறினான். அடுத்த நொடி துப்பாக்கிக் கட்டை அவள் வாயில் இறங்கியது. பல் ஒன்று தொண்டைக்குள் போவதை அவள் உணர்ந்தாள்.

"எந் தம்பியை விடுங்கடா! தேவடியா மவனுங்களா, விடுங்கடா!"

விடுவார்களா? காது ஒட்டி அடுக்கி வைத்திருந்த பூனைக்குட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுப் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். அதற்குப் பிறகுதான் சித்தப்பா உள்ளே வந்தான். குட்டையான மனிதன். கால்பந்துச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் உறிஞ்சு குழாய் சொருகிய இளநீர். அவனுக்குப் பின்னால் ஜோசியாஸ், முகமெல்லாம் வெளிறி, சட்டை நனைந்து ஒட்டிப்போய் நின்றான்.

"நல்லாயிருக்கியா லிண்டா?" என்றான் சித்தப்பா. "உந் தம்பிக்கு நான் சோறு போட்டேன். அவன் ராத்திரி பகலா என் கம்பத்துல ஏறி, எனக்கே ஆப்பு வெச்சிருக்கான்."

"என்ன ஆப்பு? எதுக்கு அடிக்கிறீங்கன்னாவது சொல்லுங்க!"

சித்தப்பா போனை எடுத்து ஒலியைக் கூட்டினான். சுலேய்காவின் கணீர்க் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "அடியேய் பொண்ணுங்களா, நான் பூனையை வெரட்டிட்டேன்! லிண்டா வீட்டுல ஒரு குட்டி வாங்கியாந்தேன். மாசாமாசம் தீனி போட வேண்டாம், பிள்ளைங்க டிவி முன்னாலேர்ந்து எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க!" பிறகு அவளுடைய சிரிப்பு நீளமாகக் கேட்டது.

லிண்டால்வாவின் கண்முன்னால் ஒஸ்மீர் வந்தான், கையில் ரொட்டிப் பையோடு. தான் வாய்க்கொழுப்பில் வைத்த ஒரு பெயர் தம்பியைக் கொல்லப்போகிறது என்று புரிந்தபோது, வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்குக் கை எழவில்லை.

"சித்தப்பா, அது பேரு. வெறும் பேருங்க. வெளையாட்டுச் சாமான். சேனல் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"பெட்டி என் பெட்டி. டிவியில மாட்டுறாங்க. மாசக் காசு கிடையாது. பேரு பூனைக்குட்டி." சித்தப்பா இளநீரை உறிஞ்சினான். "நான் என்ன கேனையனா?"

"கேனையன்னு சொல்லலீங்க. போட்டுக் காட்டுறேன். பார்த்துட்டு எதுனாலும் செய்யுங்க."

"காட்டு. சேனல் ஒண்ணு தெரிஞ்சாலும் இவனை இங்கேயே முடிச்சிருவேன், நீ பார்த்துட்டிருப்பே."

ஆனால் அவள் முடித்து வைத்த பெட்டிகள் எல்லாம் காலடியில் நொறுங்கிக் கிடந்தன. மிச்சம் இருந்தது பலகைக்கு அடியில் ஒன்றே ஒன்று, இன்னும் கார்டு பழகாத பெட்டி. பழைய புத்தி மாறாத பெட்டி. குச்சி நழுவினால் முதலில் வருவது சித்தப்பாவின் சேனல் வரிசைதான். அதைச் சொல்லவும் முடியாது, சொன்னால் சாக்கு என்பான்.

பெட்டியைக் கொட்டகை டிவியில் மாட்டிக் கார்டைச் சொருகினாள். பல்குத்தும் குச்சி வைத்திருந்த கண்ணாடி டம்ளர் உடைந்து சிதறியிருந்தது. முட்டிபோட்டு, பீன்சுக்கு நடுவிலிருந்து ஒரு குச்சியைப் பொறுக்கினாள். அவள் வாயிலிருந்து ரத்தம் பெட்டி மேல் சொட்டியது. நால்டோவின் கன்னத்தின் மேல் ஒருத்தன் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு நின்றான். குச்சியை ஓட்டைக்குள் விட்டாள். பொத்தான் தட்டுப்படவில்லை. திரும்ப விட்டாள். க்ளுக் என்று விரலில் தெரிந்தது. அழுத்திப் பிடித்தபடி மறுகையால் ஒயரைச் சொருகினாள்.

திரை கறுப்பாகவே நின்றது.

"என்னா, பூனைக்குட்டி தூங்குதா?" என்று ஒருத்தன் சிரித்தான். கழுத்தில் சூடுபட்டவன் துப்பாக்கியை நால்டோவின் காதோரம் கொண்டுபோனான். சிறுவயதோடு கும்பிடுவதை விட்டுவிட்ட எல்லாப் புனிதர்களையும் அவள் பெயர் பெயராக மனசுக்குள் கூப்பிட்டாள்.

டிங் என்று ஒரு சத்தம். நீலத் திரையில் ஆட்டங்களின் பட்டியல் இறங்கியது. சேனல் எதுவும் இல்லை.

சித்தப்பா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். பட்டியலை மேலும் கீழும் ஓட்டச் சொன்னான். பிறகு குத்துச்சண்டை ஆட்டத்தில் விரலை வைத்தான். "அட! இதுக்காகவே எங்கம்மா பர்ஸுல கை வெச்சிருக்கேன்டா நான்." இளநீரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நம்பமாட்டீர்கள், கீழே ஒருத்தன் ரத்தம் கக்கிக்கொண்டு கிடக்க, அந்தப் படுபாவி உட்கார்ந்து ஆடினான். தோற்றான். "விரல் மறந்து போச்சுடா" என்று சிரித்தான். அவன் சிரித்ததால் ஆட்களும் சிரித்தார்கள். நால்டோவின் கன்னத்திலிருந்து கால் எடுக்கப்பட்டது. லிண்டால்வா தவழ்ந்துபோய்த் தம்பியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

சித்தப்பா சட்டென்று சிரிப்பை நிறுத்தினான்.

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

ஜோசியாஸ் பக்கம் திரும்பினான்.

"ஜோசியாஸ், உன்னைத்தான் கேக்குறேன். இந்த வெயில்ல, சனிக்கிழமை அதுவுமா, பொம்மை ஒடைக்கவா என்னைக் கூட்டியாந்தே?"

"நான்… அந்தம்மா சொன்னதைத்தான் அனுப்பினேன் சித்தப்பா. பூனைன்னு…"

"ஊர் முழுக்கக் கதவிடுக்குல பார்த்துட்டிருக்கு. சித்தப்பா பொம்மைக்குப் பயந்தான்னு நாளைக்குச் சிரிப்பானுங்க. யாராவது ஒருத்தன் பதில் சொல்லணும்ல?" ஆட்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். "குவாரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

குவாரிக்குப் போனவன் நடந்து திரும்பியதில்லை. ஜோசியாஸின் கால்சட்டை நனைந்தது. எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பொம்பளை வாயில் துணியை அடைத்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்டது.

லிண்டால்வா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தம்பி பிழைத்துவிட்டான். இவன்தானே காட்டிக்கொடுத்தவன்? ஆனால் அவள் வாய் என்றைக்கு மூடியிருந்தது? "பேரு வெச்சது நான் சித்தப்பா! அவன் என்ன பண்ணுவான்? சின்னப் பய, விட்டுருங்க!"

சித்தப்பா அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ரசனைதான் இருந்தது.

"சரி, உனக்காக. நீதான் ஊர் ஆம்பளைகளையெல்லாம் அடிக்கிறவளாமே. நீயே அடி. போன் புடிச்ச கை. ஒடையணும். ஒடைஞ்சா அவன் வீட்டுக்குப் போவான், இல்லேன்னா குவாரிக்குப் போவான்."

கொட்டகைக் கதவின் இரும்புத் தாழ்க்கம்பியை உருவி ஒருத்தன் அவள் கையில் கொடுத்தான். கனமாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஜோசியாஸைப் பார்த்தாள். அவளை அடித்தவர்களைத்தான் அவள் அடித்திருக்கிறாள். இவன் ஒருநாளும் அவள்மேல் விரல் வைத்ததில்லை. தெருவில் பார்த்தால் அவள் சுமக்கும் காஸ் சிலிண்டரை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிற பயல்.

ஜோசியாஸே வந்து வலது கையைப் பலகையில் வைத்தான். மணிக்கட்டு துடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அடிங்க" என்றான் கிசுகிசுப்பாக. "நல்லா அடிங்க. மெதுவா அடிச்சா நம்பமாட்டாங்க."

அடித்தாள். கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அவன் கத்தினான், ஆனால் எலும்பு தாங்கிவிட்டது.

"இது தடவிக் குடுக்குறது" என்றான் சித்தப்பா. "குவாரிக்கு வண்டியை எடு."

"இருங்க!" என்று லிண்டால்வா கத்தினாள். அப்பனை நினைத்தாள், அதெமாரை நினைத்தாள், அந்த ரிப்பேர்க் கடைக்காரனை நினைத்தாள். எவனை நினைத்தும் கோபம் வரவில்லை. கோபமே இல்லாமல் கம்பியைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினாள். விறகு முறிகிற சத்தம் வந்தது. கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஜோசியாஸ் சத்தமே போடாமல் மடங்கி விழுந்தான்.

சித்தப்பா கடைசிப் பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். "பேரை மாத்திரு லிண்டா, நாய்க்குட்டின்னு வை" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான். இளநீர்க் காயை அங்கேயே விட்டுப் போய்விட்டான்.

மறுநாள் வழிபாட்டுக்குப் போய்வந்த கையோடு ஜோசியாஸின் தாய் இராசேமா அம்மா தெருவைக் கடந்து வந்தாள். கையில் துணி மூடிய தட்டு, சோளமாவு கேக், இன்னும் சூடாக இருந்தது. உள்ளே நால்டோ விலாவில் கட்டோடு படுத்திருந்தான். லிண்டால்வா வீங்கின வாயோடு கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அந்த அம்மாவைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நின்றாள். காறித் துப்பட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று இரவெல்லாம் காத்துக்கொண்டிருந்தவள் அவள்.

இராசேமா தட்டைப் பலகையில் வைத்தாள். லிண்டால்வாவின் வலது கையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, முத்தமிட்டாள்.

"எம் புள்ளை உசுரோட வீட்டுக்கு வந்தான். எல்லாம் இந்தக் கையால."

"ஐயோ, வேணாம்மா…"

"ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாங்க. இனிமே விரல் மடங்காதாம். பரவால்ல. குவாரிக்குப் போகல பாருடி. ரெண்டாவது அடிதான் சரியான அடின்னு உங்கிட்ட சொல்லச் சொன்னான்."

லிண்டால்வாவால் தாங்க முடியவில்லை. எவ்வளவு அடியையும் தாங்கியவளுக்கு இது தாங்கவில்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"நன்றி சொல்லாதீங்கம்மா! உங்க புள்ளை கையை ஒடைச்சவ நான்! திட்டுங்க! கன்னத்துல ஒண்ணு விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, அறையச் சொல்லிக் காட்டுவதற்காகத் தன் கையை உயர்த்தினாள்.

இராசேமா சட்டென்று பின்னால் போனாள். முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். இத்தனை வருஷமாக "ஏண்டி லிண்டா" என்று உரிமையோடு கூப்பிட்டு வந்த அந்த அம்மா, எஜமானிகளைக் கூப்பிடுகிற 'டோனா'வைச் சேர்த்து, கண்ணை இறுக மூடியபடி சொன்னாள்:

"மன்னிச்சிருங்க, டோனா லிண்டால்வா. நான் ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க. போயிர்றேன். கேக்கைச் சாப்பிடுங்க."

தலையைக் குனிந்துகொண்டு அவள் தெருவைக் கடந்து போனாள். லிண்டால்வா தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றாள். உள்ளேயிருந்து நால்டோ, "யாரு அக்கா வந்தது?" என்று கேட்டான்.